சோறிட்டவர் யார்? மேசை விளையாட்டில் ஒரு சாமுராயை உருவாக்குவது பற்றி



கற்பனை உலகில் நடக்கும் மேசை விளையாட்டு ஒன்றில் சாமுராயாக ஆட விரும்புகிறவர், அந்தக் கேரக்டரை எங்கிருந்து கட்டத் தொடங்க வேண்டும்? இன்றைய என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்விக்கான பதில்தான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாளை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம். முதலில் கடனை எழுதுங்கள். இவருக்குச் சோறிட்டவர் யார்? அதற்கு ஈடாக இவர் என்ன செய்ய வேண்டும்? அந்தக் கடமை எந்த இடத்தில் இவருடைய மனசாட்சியோடு மோதும்? இந்த மூன்றும் தெளிவாகிவிட்டால் ஆயுதமும் எண்களும் தாமாக வந்து சேரும். இவை தெளிவாகாவிட்டால், எவ்வளவு கூரிய கத்தானா வாளைக் கையில் கொடுத்தாலும் நமக்குக் கிடைப்பவர் உடை மாற்றிக்கொண்ட ஒரு சாதாரண வாள்வீரர்தான்.

இந்த விளையாட்டைப் புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்காகச் சில வார்த்தைகள். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கி வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வகையில் மூத்தது. நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துவார். அவரை டன்ஜன் மாஸ்டர் என்பார்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்பார்கள். அந்தப் பாத்திரத்தின் வலிமை, லாகவம், உடல் உறுதி, அறிவு, விவேகம், வசீகரம் ஆகியவை எண்களாகக் கேரக்டர் ஷீட் என்ற தாளில் எழுதப்பட்டிருக்கும். எடுத்த காரியம் முடியுமா முடியாதா என்ற ஐயம் வரும் இடத்தில் இருபது முகப் பகடை உருளும். மற்றபடி எல்லாமே பேச்சு. பேசப் பேசக் கதை வளர்கிறது. கூத்தில் வேடம் கட்டியவருக்கு அடுத்த வரி தெரியும். இங்கே யாருக்கும் தெரியாது. அதனால்தான் பாத்திரத்தின் அடித்தளம் உறுதியாக இருக்க வேண்டும். எதிர்பாராத கேள்வி வந்து நிற்கும்போது, இவர் என்ன செய்வார் என்று சொல்ல வேறு எதுவும் நம் கையில் இருக்காது.

சாமுராய் என்றதும் பெரும்பாலோர் மனத்தில் ஓர் உருவம் எழுகிறது. அதிகம் பேசாதவர், இடையில் வாள், சாவைப் பற்றிய கவலை இல்லை, புஷிடோ என்னும் மாறாத நெறி. இந்த உருவம் எப்போது உருவானது என்று பார்ப்போம். சாவுக்கு எப்போதும் ஆயத்தமாக இருக்கும் வீரரைப் பற்றிய புகழ்பெற்ற நூல் ‘ஹகாகுரே’. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யமாமோட்டோ சுனேடோமோ என்பவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. அவர் தம் வாழ்நாளில் ஒரு போர்க்களத்தையும் கண்டவர் அல்லர். அவர் பிறப்பதற்கு முன்பே நாடு அமைதிக்குள் போய்விட்டது. புஷிடோ என்ற சொல்லை உலகறியச் செய்தவர் நிடோபே இனாசோ. 1900-ஐ ஒட்டி அமெரிக்காவில் வெளிவந்த அவருடைய நூல், மேலைநாட்டு வாசகர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. அதற்குள் சாமுராய் வகுப்பே கலைக்கப்பட்டு, பொது இடத்தில் வாள் தரிப்பதையும் 1876-இல் அரசு தடை செய்திருந்தது. ஆக, நாம் மாறாத நெறி என்று எண்ணிக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி, போர்கள் ஓய்ந்த பிறகு பின்னோக்கிப் பார்த்தவர்கள் தொகுத்துத் தந்தது. அந்த நூல்கள் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஏறத்தாழ எழுநூறு ஆண்டு வரலாற்றை ஒரே மனிதராகச் சுருக்கிவிட முடியாது என்கிறேன்.

ஆகவே முதல் வேலை, காலத்தைத் தேர்ந்தெடுப்பது. உங்கள் கற்பனை உலகில் டிராகன்கள் பறக்கலாம், மந்திரவாதிகள் நடமாடலாம். அப்போதும் உங்கள் சாமுராய் எந்தக் காலத்துச் சாயலில் நிற்கிறார் என்று நீங்கள் முடிவு செய்தே ஆக வேண்டும். மூன்று காலங்களைச் சொல்கிறேன்.

முதலாவது காமகுரா காலம். 1185-இல் டான்-னோ-உரா கடற்போரில் தைரா குலம் அழிந்தது; மினமோட்டோ குலம் காமகுராவிலிருந்து ஆளத் தொடங்கியது. 1333 வரை காமகுரா ஆட்சி நீடித்தது. அந்தக் காலத்து வீரரின் முதல் ஆயுதம் வில். குதிரைமேல் அமர்ந்து அம்பு எய்வதே அவருடைய தொழில். அவருடைய வாழ்க்கை முறையையே வில், குதிரை ஆகியவற்றின் வழி என்றுதான் சொன்னார்கள். ஜப்பானிய வில் 2 மீட்டருக்கு மேல் நீளம். அதன் பிடி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும். குதிரை முதுகிலிருந்து எய்வதற்கு அந்த அமைப்பு ஏற்றது. அந்தக் காலக் கவசத்தின் தோள்களில் அகலமான பலகைகள் தொங்கும். இரண்டு கைகளும் வில்லுக்குப் போய்விடுவதால் கேடயம் பிடிக்கக் கை மிச்சமில்லை. அந்த வேலையைத் தோள்பலகைகள் செய்தன. இந்த வீரர் நிலத்தோடு கட்டுண்டவர். நிலத்தின் மீதுள்ள உரிமையைக் காமகுரா அரசு உறுதி செய்யும்; அதற்கு ஈடாக அவர் போருக்கு வர வேண்டும், காவல் நிற்க வேண்டும்.

இரண்டாவது, நாடு உடைந்து சிதறிய காலம். 1467-இல் தொடங்கிய ஓனின் போர் கியோட்டோவை நாசமாக்கியது. அதற்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓயாத சண்டை. இங்கே களத்தின் ஆயுதம் ஈட்டி. 1543-இல் தனேகஷிமா தீவில் போர்த்துக்கீசியர் வழியாகத் துப்பாக்கி வந்து சேர்ந்தது. சில பத்தாண்டுகளில் படைகள் ஆயிரக்கணக்கில் அதை ஏந்தின. தலைவர்கள் கட்சி மாறினார்கள். அடியாட்கள் தலைவர்களைக் கவிழ்த்தார்கள். எளிய குடியில் பிறந்த டோயோடோமி ஹிதேயோஷி, ஓடா நொபுனாகா என்ற போர்த்தலைவரிடம் கீழ்நிலைப் பணியாளராகச் சேர்ந்து, கடைசியில் நாட்டுக்கே அதிபதி ஆனார். அவரே 1588-இல் குடியானவர்களிடமிருந்து வாள்களைப் பறிக்க ஆணையிட்டு, தாம் வந்த வழியை மற்றவர்களுக்கு அடைத்தார். வாரிசுகளைப் பிணையாகக் கொடுப்பது அன்றைய வழக்கம். பின்னாளில் ஷோகன் என்னும் ஆட்சித் தலைவர் ஆன டோகுகவா இயேயாசு, தம் சிறுவயதை இமகவா குலத்தாரிடம் பிணையாளாகக் கழித்தவர். வேற்றுக் குலத்தார் வீட்டில் உண்டு, அவர்களுடைய ஆசிரியரிடம் கற்று வளர்ந்த பிள்ளை யாருக்குக் கடன்பட்டது? ஒரு கேரக்டருக்கு இதைவிட நல்ல விதை கிடைப்பது அரிது.

மூன்றாவது எடோ காலம். 1603-இல் டோகுகவா ஆட்சி அமைந்தது. 1615-இல் ஒசாகா கோட்டை வீழ்ந்தபின், சில கிளர்ச்சிகள் தவிர இரண்டரை நூற்றாண்டு அமைதி. நாம் திரைப்படங்களில் பார்க்கும், நீண்ட வாளும் குட்டை வாளும் சேர்த்து இடையில் செருகிய உருவம் இந்தக் காலத்துக்குரியது. அந்த இரட்டை வாள் அப்போது வகுப்பின் அடையாளம். அதை அணிந்தவர் பெரும்பாலும் கணக்கு எழுதினார், களஞ்சியம் பார்த்தார், கால்வாய் வெட்டும் வேலையை மேற்பார்வையிட்டார். அவருடைய ஊதியம் அரிசியாக அளக்கப்பட்டது. கோகு என்பது அளவு. ஒரு கோகு ஏறத்தாழ 180 லிட்டர், ஒருவருக்கு ஓராண்டு உணவு என்பது கணக்கு. அரிசி விலை விழுந்தால் சாமுராயின் குடும்பம் வணிகரிடம் கடன் வாங்கியது. தலைவரின் குலம் கலைக்கப்பட்டால் அடுத்த வேளைச் சோறுமில்லை, அடையாளமும் இல்லை. அப்படித் தலைவரை இழந்தவரே ரோனின்.

இந்த மூன்று காலங்களிலும் ஆயுதம் மாறுகிறது, தொழில் மாறுகிறது, ஒழுக்கம் என்று எதைச் சொன்னார்கள் என்பதும் மாறுகிறது. மாறாமல் நிற்பது உறவு ஒன்றுதான். மேலிருந்து நிலமோ அரிசியோ வருகிறது. கீழிருந்து பணி போகிறது. கர்ணனை அறிந்த நமக்குச் செஞ்சோற்றுக் கடன் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஜப்பானிய வரலாற்றில் அந்தக் கடன் இரு பக்கமும் கேட்கப்பட்டது. அதற்கு ஓர் உண்மையான மனிதரைக் காட்டுகிறேன்.

1274-இல் மங்கோலியப் படை கியூஷு தீவின் ஹகாட்டா விரிகுடாவில் இறங்கியது. ஹிகோ மாகாணத்தைச் சேர்ந்த தகெசாகி சுயெனகா என்ற சிறு வீரர், தம்மையும் சேர்த்து ஐந்தே குதிரை வீரர்களோடு எதிரிமேல் பாய்ந்தார். குதிரை விழுந்தது, அவர் காயம்பட்டார், மற்றொரு குழு வந்து காப்பாற்றியது. முதலில் பாய்ந்தவன் என்ற தகுதிக்குப் பரிசு உண்டு என்பது அன்றைய வழக்கம். பரிசு வரவில்லை. சுயெனகா என்ன செய்தார்? வாய்மூடிப் பொறுத்துக்கொள்ளவில்லை, மானம் போயிற்று என்று உயிரை விடவுமில்லை. 1275-இல் தம் குதிரைகளையும் சேணத்தையும் விற்று வழிச்செலவுக்குப் பணம் திரட்டிக்கொண்டு, நெடுந்தொலைவு கடந்து காமகுராவுக்குப் போனார். பரிசுகளுக்குப் பொறுப்பான அதாச்சி யசுமோரியின் முன் நின்று தம் வழக்கை எடுத்துரைத்தார். நிலப் பொறுப்பு ஒன்றும் ஒரு குதிரையும் வாங்கிக்கொண்டுதான் ஊர் திரும்பினார். 1281-இல் மங்கோலியர் மீண்டும் வந்தபோது மறுபடி போரிட்டார். தம் செயல்களை ஓவியச் சுருள்களாக வரைவிக்கவும் செய்தார். அவை இன்றும் ஜப்பானில் பாதுகாக்கப்படுகின்றன.

இந்த மனிதரைக் கவனியுங்கள். வீரமும் உண்டு, கணக்கும் உண்டு. பெருமை உண்டு, வயிற்றுப்பாடும் உண்டு. சாட்சி வேண்டும் என்று கேட்கிறார். உரிமை வேண்டும் என்று கேட்கிறார். ஒரு மேசையில் இவரை ஏற்று நடிக்க எவ்வளவு இடம் இருக்கிறது! மௌனமான வாள்வீரரிடம் அதில் பாதிகூட இல்லை.

கடன் மோதும் இடத்துக்கு மற்றொரு நிகழ்ச்சி. 1701-இல் எடோ கோட்டைக்குள் அக்கோ பகுதியின் தலைவர் அசானோ நகானோரி, கிரா என்ற சடங்கு அதிகாரியை வாளால் தாக்கினார். கோட்டைக்குள் வாள் உருவுவது பெருங்குற்றம். அன்றே அவருக்குத் தற்கொலைத் தண்டனை; அவருடைய பகுதி பறிமுதல்; அவருடைய ஆட்கள் எல்லோரும் ரோனின்கள். கிராவுக்குத் தண்டனை இல்லை. ஓயிஷி குரானோசுகே தலைமையில் 47 பேர் ஏறத்தாழ இரண்டு ஆண்டு காத்திருந்து, 1703 ஜனவரி இறுதியில் கிராவின் மாளிகைக்குள் புகுந்து அவரைக் கொன்றார்கள். தலைவருக்கான கடன் தீர்ந்தது. நாட்டின் சட்டம் உடைந்தது. இவர்களை என்ன செய்வது என்று அரசும் அறிஞர்களும் தடுமாறினார்கள். ஓக்யு சொராய் என்ற அறிஞர், அவர்கள் செயலின் உணர்வை மதித்தாலும் சட்டம் சட்டமே என்று வாதிட்டார். குற்றவாளிகளைப் போலத் தலை வெட்டப்படாமல், வீரர்களுக்குரிய முறையில் தங்கள் கையாலேயே சாக அவர்களில் 46 பேருக்கு ஆணை பிறந்தது. அவர்கள் செய்தது சரியா என்ற விவாதம் அதோடு முடியவில்லை. தலைமுறை தலைமுறையாக நாடகத்திலும் நூலிலும் தொடர்ந்தது. சாமுராய் என்றால் ஐயமே இல்லாமல் கட்டளைக்குப் பணிபவர் என்று எண்ணுகிறவர்கள் இந்த விவாதத்தைப் படிக்க வேண்டும். இரண்டு நியாயமான கடமைகள் எதிரெதிரே வந்து நிற்பதுதான் இந்தப் பாத்திரத்தின் உயிர்.

விளையாட்டு ஆசிரியர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள்? ‘புஷிடோ’ என்ற பெயரிலேயே ஒரு விளையாட்டு 1979-இல் வந்துவிட்டது. 1985-இல் ‘ஓரியண்டல் அட்வென்ச்சர்ஸ்’ என்ற நூல், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்குள் சாமுராயைத் தனி கிளாஸாக, அதாவது தனிப் பாத்திர வகையாகக் கொண்டுவந்தது. மானத்தை ஓர் எண்ணாக்கி, நடத்தைக்கேற்ப அது ஏறி இறங்கும்படி செய்தது. எண் ஏறவேண்டும் என்பதற்காக நல்லவராக நடப்பது வேறு, மனத்தில் இருப்பதால் நடப்பது வேறு என்ற சிக்கல் அங்கேயே தொடங்கிவிட்டது. ஆசிய நாடுகள் பலவற்றை ஒரே தலைப்பின் கீழ் கலந்து வைத்ததும் அந்த நூலின் குறை. 

இதில் ஆழமாகச் சிந்தித்தது ‘லெஜண்ட் ஆஃப் த ஃபைவ் ரிங்ஸ்’. 1995-இல் சீட்டு விளையாட்டாகத் தொடங்கி, 1997-இல் ஜான் விக் தலைமையில் பாத்திர விளையாட்டானது. அதன் ரோகுகான் என்ற நாடு கற்பனை. ஜப்பானே அதன் பெரிய ஊற்று. நிலம், நீர், நெருப்பு, காற்று, வெறுமை என்ற ஐந்து வளையங்கள், வாள்வீரர் மியாமோட்டோ முசாஷி 1645-இல் இறப்பதற்குச் சற்று முன் எழுதி முடித்த நூலின் பெயரை நினைவூட்டுகின்றன. 2018-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கேரக்டரை உருவாக்கும் முறையே 20 கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான். உன் தலைவர் யார், அவருக்கு நீ செய்ய வேண்டிய கடமை என்ன என்று ஒரு கேள்வி. உன் மனம் எதற்கு ஏங்குகிறது, அது கடமைக்கு எப்படி இடையூறாகும் என்று அடுத்த கேள்வி. கடமைக்கு கிரி என்றும் ஏக்கத்துக்கு நின்ஜோ என்றும் பெயர். கடைசிக் கேள்வி, இந்த மனிதர் எப்படிச் சாக வேண்டும் என்பது. பகடை முகங்கள் சிலவற்றில் வெற்றிக் குறியோடு மன அழுத்தத்தின் குறியும் சேர்ந்தே வரும். வெற்றி வேண்டுமென்றால் அழுத்தத்தையும் ஏற்க வேண்டும். அது அளவு மீறும்போது, அவையில் காத்துவந்த முகம் கழன்று உள்ளே இருப்பது வெளிப்படும். நான் பேசும் கருத்துக்கு விதிகளின் வடிவம் கொடுத்த விளையாட்டு இது.

சரி, இன்று பலரும் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில், 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு கேரக்டரைச் சேர்ந்தே கட்டிப் பார்ப்போம். 2017-இல் வந்த ‘ஜனதார்ஸ் கைட் டு எவ்ரிதிங்’ நூலில், ஃபைட்டர் கிளாஸின் கிளையாகச் சாமுராய் இருக்கிறது.

முதலில் கடன். காமகுரா காலச் சாயலை எடுத்துக்கொள்வோம். கடலோரத்துச் சிறு நிலக்காரரின் மகள். அந்தக் காலத்தில் பெண்களும் நில உரிமைக்கு வாரிசானார்கள். நிலப் பொறுப்பாளர்களாகவும் இருந்தார்கள். தந்தை கடற்கரைப் போரில் இறந்துவிட்டார். அவருக்கு வரவேண்டிய பரிசு வரவில்லை. நிலம் இவள் பெயரில் இருக்கிறது. நிலத்தோடு காவல் கடமையும் இவள் தலையில் இருக்கிறது. சோறிட்டவர், மாகாணத் தலைவர். தர வேண்டியது, கூப்பிட்ட போது வில்லோடு வந்து நிற்பது. மோதும் இடம், தந்தைக்குப் பரிசை மறுத்தவரும் அதே தலைவர். இவள் அவருக்குக் கட்டுப்பட்டவள். அவர் இவளுக்குக் கடன்பட்டவர்.

இனி எண்கள். விதிநூல் தரும் ஆறு எண்கள் 15, 14, 13, 12, 10, 8. வில்லுக்கு லாகவம் வேண்டும். 15-ஐ அங்கே வையுங்கள். 14 உடல் உறுதிக்கு, 13 விவேகத்துக்கு, 12 வசீகரத்துக்கு, 10 வலிமைக்கு, 8 அறிவுக்கு. மனித இனம் என்பதால் ஒவ்வொன்றிலும் ஒன்று கூடும். லாகவம் 16 ஆகிறது. அதற்காகப் பகடையில் சேரும் கூடுதல் 3. முதல் லெவலின் தேர்ச்சிக் கூடுதல் 2, வில்வித்தைப் பாணி தரும் 2. ஆக, இருபது முகப் பகடையில் விழுவதோடு 7 சேர்த்துக்கொள்ளலாம். நீள வில்லின் அம்பு, எட்டு முகப் பகடையோடு 3 சேர்த்துக் காயம் தரும். 150 அடிவரை தடையில்லாமல் எய்யலாம். இவளிடம் வாளும் உண்டு. டன்ஜன் மாஸ்டருக்கான நூல் கத்தானாவுக்கு நீள வாளின் எண்களையே பயன்படுத்தச் சொல்கிறது. ஆனால் வலிமை 11 மட்டும் உள்ள இவள் கையில் அது இரண்டாம் ஆயுதம். விதிகளும் வரலாறும் இந்த இடத்தில் ஒன்றுபடுகின்றன.

பின்னணியாகப் பிரபுக்குலத்தை எடுத்தால் வரலாற்று அறிவும் இணங்கச் செய்யும் திறமும் வரும். அதன் மாற்று வடிவம் ஒன்றில் மூன்று பணியாட்களும் கிடைப்பார்கள். எடுத்துக்கொள்ளுங்கள். இவளை நம்பிச் சாப்பிடுகிற மூன்று வாய்கள் மேசையில் இருந்தால், கடன் கீழ்நோக்கியும் ஓடுவதை ஒவ்வொரு முடிவிலும் உணர்வீர்கள்.

மூன்றாம் லெவலில் சாமுராய் கிளை திறக்கிறது. போர்க்குணம் என்று தமிழில் சொல்லத்தக்க திறன் அப்போது வரும். அதைத் தூண்டினால், அந்த முறை முடியும்வரை ஒவ்வொரு தாக்குதலுக்கும் இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். தற்காலிகமாக 5 உயிர்ப்புள்ளிகளும் சேரும். நீண்ட ஓய்வுக்கு முன் மூன்று தடவை. 11 அல்லது அதற்கு மேல் விழ வேண்டிய இடத்தில் ஒரு பகடைக்கு வெற்றி வாய்ப்பு நூற்றுக்கு 50; இரண்டு பகடைக்கு 75. நான்காம் லெவலில் ஷார்ப்ஷூட்டர் என்ற தனித்திறனை எடுத்தால், குறியில் 5 குறைத்துக்கொண்டு காயத்தில் 10 கூட்டலாம். குறைந்ததை அந்த இரண்டாம் பகடை பெருமளவு ஈடு செய்யும். ஆட்ட அனுபவம் உள்ளவர்கள் சாமுராயை வில்லாளியாகக் கட்டுவதை விரும்புவதற்கு இதுவே காரணம்.

பலர் கவனிக்காமல் கடந்துபோவது ஏழாம் லெவலை. அவையில் பண்போடு நடக்கும் திறன் அப்போது வருகிறது. இணங்கச் செய்யும் முயற்சியில் விவேகத்தின் கூடுதலும் சேரும். இவளுக்கு வசீகரத்தின் கூடுதல் 1, தேர்ச்சிக் கூடுதல் 3, விவேகத்தின் கூடுதல் 2; மொத்தம் 6. விவேகத்தைக் கொண்டு ஆபத்தை எதிர்த்து நிற்கும் தேர்ச்சியும் கிடைக்கும். போருக்கென்றே அமைந்த கிளாஸின் நடுவில் ஆசிரியர்கள் ஏன் இதை வைத்தார்கள்? சுயெனகா காமகுராவில் பயன்படுத்தியது இந்தத் திறனைத்தான். இவளும் ஒருநாள் தலைவரின் அவையில் நின்று, தந்தையின் பரிசைக் கேட்க வேண்டும். அந்தக் காட்சிக்கு வில் உதவாது. 18-ஆம் லெவலில், உயிர்ப்புள்ளி பூஜ்யத்துக்கு இறங்கி விழவேண்டிய கணத்தில் விழாமல் நின்று இன்னொரு முறை செயல்படும் திறன் உண்டு. அதுவரை கதை வளர்ந்திருந்தால், அந்தக் கடைசி முறையை யாருக்காகச் செலவிடுகிறாள் என்பதே அவளுடைய வாழ்க்கைக் கதையாகிவிடும்.

இனி மேசையில் நடந்துகொள்ளும் முறை. நெறி என்பது இவளுடைய கையைக் கட்ட வேண்டும். பக்கத்தில் ஆடுகிறவரின் கையைக் கட்டக் கூடாது. குழுவில் ஒரு திருடர் இருப்பார். அவர் பூட்டைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் நீங்கள் மானத்தைப் பற்றிப் பேசினால், மற்றவர்களின் மாலைப்பொழுது கெட்டுப்போகும். அதற்குப் பதிலாக, அவர் கொண்டுவந்த பொருளில் இவள் பங்கு வாங்க மறுக்கலாம். பணியாட்கள் பசியோடு இருக்கும் நாளில் அதே பங்கை ஏற்க நேரலாம். அங்கே நாடகம் பிறக்கிறது. இவள் ஒருபோதும் செய்யாதவை என்று மூன்றை எழுதி வையுங்கள். அவற்றில் ஒன்றை என்றாவது மீற நேரும் என்று டன்ஜன் மாஸ்டரிடம் தனியே சொல்லிவிடுங்கள்.

டன்ஜன் மாஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். தலைவருக்கு முகம் கொடுங்கள். முதல் நாள் பெயராக வந்து மறைந்துபோகும் தலைவரால் பயனில்லை. அவரிடமிருந்து கடிதம் வரட்டும். அறுவடை பொய்த்த ஆண்டில் நெல் மூட்டை வரட்டும். செய்ய மனம் வராத ஓர் உத்தரவும் வரட்டும். முழுக்கக் கொடியவராக அவரை ஆக்கிவிடாதீர்கள். கொடியவரை விட்டு விலகுவது எளிது. நல்லதும் செய்த ஒருவர் தவறான ஒன்றைக் கேட்கும்போதுதான் ஆடுகிறவர் உண்மையாகவே யோசிப்பார். பேசுகிற பேச்சுக்குச் சாட்சி வையுங்கள், செய்த வீரத்துக்குக் கணக்கு வையுங்கள், பரிசைத் தாமதப்படுத்துங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சாமுராய்க் கதைகளில் தற்கொலைச் சடங்கு அடிக்கடி வருகிறது. மேசையில் இருப்பவர்களில் யாருக்கு எந்தத் துயரம் உண்டென்று நமக்குத் தெரியாது. ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் கூடிப் பேசும் முதல் அமர்விலேயே, இந்தப் பொருள் கதைக்குள் வரலாமா, வந்தால் எந்த அளவுக்கு என்று முடிவு செய்யுங்கள். யாராவது வேண்டாம் என்றால், வேண்டாம். சுயெனகாவின் வழி எப்போதும் திறந்திருக்கிறது: உயிரோடு இருந்து வழக்காடுவது.

அதேபோல, இது இன்னொரு மக்களின் வரலாறு. குரலை மாற்றி, உடைந்த மொழியில் பேசிச் சிரிப்பு மூட்டுவது வேடம் ஏற்பது ஆகாது. பெயர் வைக்கும்போது குடும்பப் பெயர் முன்னும் தனிப்பெயர் பின்னும் வரும் அவர்களுடைய முறையைக் கடைப்பிடியுங்கள். சாமுராய் என்றால் ஆண் என்றோ, ஜப்பானில் பிறந்தவர் மட்டுமே என்றோ வரம்பு கட்ட வேண்டாம். 1868-இல் ஐசுப் போரில் நகானோ தகேகோ என்ற இளம்பெண், நகினாட்டா என்னும் நீண்ட பிடி கொண்ட ஆயுதத்தோடு பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கிக் களத்தில் இறந்தார். 1581-இல் யாசுகே என்ற ஆப்பிரிக்கர் ஓடா நொபுனாகாவின் பணியில் சேர்ந்தார். நொபுனாகா அவருக்கு ஊதியமும் வீடும் தந்தார். பிறந்த மண் எதுவாயினும், ஒருவரைத் தலைவரின் குலத்தோடு பிணைத்தது உண்ட சோறும் செய்த பணியும்தான்.

நண்பர்களே, அடுத்த முறை புதிய கேரக்டர் ஷீட்டை எடுக்கும்போது, எண்களுக்கான கட்டங்களை நிரப்பும் முன் தாளின் மேற்பகுதியில் மூன்று வரி எழுதுங்கள். எனக்குச் சோறிட்டவர் இன்னார். நான் அவருக்குத் தரவேண்டியது இது. அவர் இதைக் கேட்டால் மட்டும் நான் தயங்குவேன். மூன்றாவது வரி எழுத நேரமாகும், ஆகட்டும். மற்ற ஆட்டங்களில் எதிரி வெளியிலிருந்து வருகிறான். சாமுராயாக ஆடும்போது, நீங்கள் மதிக்கும் ஒருவரின் வாயிலிருந்தே சோதனை வரும். நன்றி எங்கே முடிகிறது, அடிமைத்தனம் எங்கே தொடங்குகிறது என்று அப்போது நீங்களே முடிவெடுக்க வேண்டும். நம் வேலையிடங்களிலும் குடும்பங்களிலும் இதே கேள்வி நம்மைத் தேடி வருகிறது. அங்கே தவறான பதிலுக்கு விலை அதிகம். நண்பர்கள் சூழ்ந்த மேசையில் அதை முன்கூட்டியே சந்தித்துப் பழக இந்த விளையாட்டு இடம் தருகிறது. அந்த வாய்ப்பை வெறும் வாள்வீச்சோடு முடித்துவிடாதீர்கள்.